சிப்பிக்கு க, திறப்புக்கு ங

போன செவ்வாய்க்கிழமை. கோப்பாயிலிருந்து யாழ்ப்பாணம் போகிற பஸ். எனக்குப் பக்கத்தில் ஓர் இளம்பெண். மடியில் யப்பான் மொழிப் புத்தகம், காதில் வயர். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

இப்போது எங்கள் ஊரில் இது சாதாரணக் காட்சி. முதியவர்களைப் பராமரிக்கிற வேலைக்கு யப்பானில் ஆள் எடுக்கிறார்களாம். சந்திக்குச் சந்தி வகுப்பு நடக்கிறது.

அவள் விரித்து வைத்திருந்த பக்கத்தில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு பழத்தின் படம். என்னால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடிகிறதா? அந்தப் பழத்தின் பெயரைச் சொன்னேன்.

பிள்ளை வயரைக் கழற்றினாள்.

"அன்ரி, உங்களுக்கு யப்பான் பாஷை தெரியுமோ?"

"கொஞ்சம்."

"குறை நினைக்காதேங்கோ அன்ரி. நீங்கள் இப்ப சொன்னது பழமில்லை. திறப்பு. பூட்டுத் திறக்கிற திறப்பு. பழத்துக்கு அந்த ரெண்டாவது க-வை வடிவா அழுத்திச் சொல்லவேணும்."

சொன்னதோடு விடவில்லை. போனை என் காதில் வைத்தாள். ஒரு பெண் குரல் அந்தச் சொல்லைத் துப்புரவாக, முனை மழுங்காமல் சொன்னது.

"ஓம் பிள்ளை, உதுதான் சரி" என்றேன்.

அவள் சொன்னது முழுக்கச் சரி. புத்தகத்தின்படி நான் சொல்வது பிழை. அதுவும் முப்பது வருடத்துக்கு மேலாகச் சொல்லிவருகிற பிழை. இதில் வேடிக்கை என்னவென்றால், எனக்குச் சரியாகச் சொல்லவும் தெரியும். பிறகு ஏன் மாற்றிக்கொள்ளவில்லை?

இந்தப் பக்கத்தை வாராவாரம் வாசிக்கிறவர்களுக்கு நான் பண்டத்தரிப்புப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலிஷ் ரீச்சராக இருந்தது தெரியும். பிறகு யப்பானில் இருந்ததும் தெரியும். நடுவில் நடந்ததை நான் எழுதியதில்லை. இந்த வாரம் எழுதிவிடுகிறேன்.

எங்களுக்குக் கலியாணம் நடந்தது எண்பத்தேழின் தொடக்கத்தில். இவர் பெயர் குலசிங்கம். குருநகர்ப் பக்கம், மீனுக்கு ஐஸ் அடிக்கிற ஒரு சின்னத் தொழிற்சாலையில் மெசின் திருத்துகிறவர். ஆள் சுத்த சைவம். மீன் சந்தைப் பக்கம் போகமாட்டார். "பிறகு எப்படி அங்கே வேலை செய்யிறியள்?" என்று கேட்டால், "ஐஸுக்கு என்ன வாசம்?" என்பார்.

அந்த நேரம் குளிர்சாதன மெசின் பற்றிப் படிக்க யப்பானுக்குப் போகிற வாய்ப்பு ஒன்று வந்தது. ஆனால் நேர்முகப் பரீட்சை இங்கிலிஷில். புதுப் பெண்சாதி இங்கிலிஷ் ரீச்சர். கேட்கவேண்டுமா? பின்னேரம் வேலையால் வந்தவுடன் வகுப்பு.

அவருக்கு இங்கிலிஷில் எஃப் வராது. ஃபிரிஜ் திருத்துகிற மனிதருக்கு அந்தச் சொல்லின் முதல் எழுத்தே வாயில் வராது! 'பிறிச்சு' என்பார்.

"மேற்பல்லைக் கீழ்உதட்டிலை வையுங்கோ. வைச்சுக்கொண்டு காத்தை விடுங்கோ."

"உதடு கடிபடுது லீலா."

"கடிக்கச் சொல்லேல்லை. தொடச் சொன்னனான்."

பிறகு பீ. வாய்க்கு முன்னால் ஒரு கடதாசித் துண்டைப் பிடித்துக்கொண்டு இங்கிலிஷ்காரர் சொல்கிற மாதிரி 'பென்' என்று சொன்னால் கடதாசி ஆடவேண்டும். அவ்வளவு காற்று வரவேண்டும். நாங்கள் தமிழில் 'பனை' என்று சொன்னால் கடதாசி அசையாது. இவர் சொன்னபோதும் அசையவில்லை. அடுக்களையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த மாமி — இவருடைய தாய் — கேட்டா:

"ஏன் பிள்ளை, உவன் வாயாலை பட்டம் விடப் போறானோ?"

ஒன்று மட்டும் அவருக்குத் தானாக வந்தது. இங்கிலிஷ் ரீ. 'காற்று', 'நேற்று' என்கிறபோது எங்கள் யாழ்ப்பாணத்து நாக்கு எங்கே தொடுகிறதோ, கிட்டத்தட்ட அங்கேதான் இங்கிலிஷ்காரனின் நாக்கும் ரீ-க்குத் தொடுகிறது. அதனால்தானே நாங்கள் தேநீரை 'டீ' என்று எழுதாமல் 'ரீ' என்று எழுதுகிறோம். இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் அதை வாசித்துவிட்டுத் தலையைச் சொறிவார்கள்.

எப்படியோ தேறிவிட்டார். எண்பத்தெட்டில் போனார். யப்பானின் வடக்கே, குளிர் கூடிய கரையில் ஒரு மீன்பிடித் துறைமுகம். கடலில் சிப்பி வளர்த்து, உடைத்து, சதையை எடுத்து, ஐஸில் உறையவைத்து அனுப்புகிற ஊர். அங்கே ஒரு குளிர்சாதனக் கிடங்கின் மெசின்கள் இவர் பொறுப்பு.

சைவக்காரரை எங்கே கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள் பாருங்கள்.

ஆறு மாதம் கழித்து, அவர் குரல் பதிந்த முதல் கசற் வந்தது. ஏ பக்கம் அம்மாவுக்கு. பி பக்கம் எனக்கு.

ஏ பக்கத்தில், "அம்மா, சுகமா இருக்கிறியளோ? நான் நல்ல சுகம். இஞ்சை சாப்பாடு எல்லாம் மரக்கறிதான்" என்று ஒரு பெரிய பொய். பி பக்கத்தைத் திருப்பிப் போட்டேன்.

"லீலா, கொப்பியை எடு. இனி நான் ரீச்சர். எப்பிடியும் உன்னை இஞ்சை கூப்பிடுவன். வரேக்கை வாய் திறந்து கதைக்கிற மாதிரி வா."

ஒவ்வொரு பி பக்கமும் ஒரு பாடம். நான் அவரைப் படுத்திய பாட்டுக்கு வட்டியும் முதலுமாக வாங்கிக்கொண்டார். "இஞ்சையும் ஒரு எஃப் இருக்கு. ஆனால் பல்லைத் தொடப்படாது. அடுப்பு ஊதிற மாதிரி ரெண்டு உதட்டாலையும் ஊது. ஃபு. நீ எனக்குப் பழக்கினதை மறந்துபோடு."

நான் இங்கிலிஷையும் யப்பானையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொப்பியில் கோடு போட்டு எழுதினேன். இங்கிலிஷ் ஆர் வாய்க்குள் எங்கேயும் தொடாமல் சுருண்டு நிற்கும். யப்பான் ரா ஒருமுறை தொட்டுவிட்டு ஓடிவிடும், எங்கள் ர மாதிரி. இங்கிலிஷில் எல் உண்டு. அவர்களிடம் அது கிடையாது. ல, ள, ழ என்று மூன்றை வைத்திருக்கிற நாங்கள் அங்கே போனால் பணக்காரர்! இங்கிலிஷில் ஸ் என்றால் எந்த உயிர் வந்தாலும் ஸ்தான். அங்கே சா, சு எல்லாம் ஒழுங்காக வரும், இ சேர்ந்தவுடன் ஷி ஆகிவிடும். தா, தே, தோ என்று வருகிற வரிசை இ-யில் ச்சி ஆகும், உ-வில் ட்ஸு ஆகும். வகுப்பில் எல்லாரும் வரிசையில் நிற்க, இரண்டு பேர் மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் இடம் மாறி நிற்கிற மாதிரி.

என் பெயரில் இரண்டு ல. "இஞ்சை உன்னை ரீரா எண்டுதான் கூப்பிடுவினம்" என்று ஒரு கடிதத்தில் எழுதியிருந்தார். மாமி அதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "உதென்ன, தேத்தண்ணிப் பேர் மாதிரிக் கிடக்கு" என்றா.

பிறகு வந்தது க பாடம்.

"கவனமாக் கேள் லீலா. இது தமிழ் மாதிரியேதான். சொல்லின்ரை தொடக்கத்திலை க வல்லினம். நடுவிலை வந்தால் கரையும். கடல் எண்டேக்கை ஒரு க, அகல் எண்டேக்கை வேறை க. அதேதான். காகி எண்டால் சிப்பி. இஞ்சை ஒரு செம்மஞ்சள் பழத்துக்கும் அதே பேர்தான். ரெண்டாவது க, அகலிலை வாற க. திறப்புக்கும் கிட்டத்தட்ட இதே சொல்தான். ஆனால் அதை மூக்காலை சொல்லவேணும். காஙி. எங்கடை அரிச்சுவடியிலை வேலையில்லாமல் இருந்தவன் ங. இஞ்சை வந்து பார், அவனுக்கு நல்ல வேலை."

எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? இங்கிலிஷில் க ஒன்று, அது கரைந்தால் இன்னொன்று. இரண்டும் இரண்டு எழுத்து, மாறவே கூடாது. பூப் பொறுக்குகிற 'பிக்' என்ற சொல்லை வாசிக்கவேண்டிய இடத்தில் என் வகுப்புப் பிள்ளைகள் அந்தக் கடைசி க-வைக் கரைத்து, பொறுக்குவதைப் பன்றியாக்கிவிடுவார்கள். எத்தனை வருடம் அதோடு மல்லுக்கட்டினேன்! இங்கே ஒரு மொழி, எங்கள் நாக்கின் பழக்கத்தோடு அப்படியே ஒத்துப்போகிறதே.

இன்னொன்றும் சொல்லித் தந்தார். 'ஒதோ' என்றால் சத்தம். 'ஒத்தோ' என்று அழுத்தினால் கணவன். ஒரு மெய்யெழுத்துத்தான் வித்தியாசம். எனக்கு அப்போது கையில் இருந்தது சத்தம் மட்டும்தான்.

அவருக்கு இதெல்லாம் எந்தப் பள்ளிக்கூடமும் படிப்பிக்கவில்லை. சிப்பி உடைக்கிற கொட்டிலில் வேலைசெய்த வயதான பெண்கள் படிப்பித்தது. மெசின் திருத்தப் போகிறபோது கதை கொடுப்பார்களாம், சோறு கொடுப்பார்களாம். அவர்கள் வாயில் வந்தது அவர் வாய்க்கு வந்தது. அவர் வாயில் வந்தது கசற் வழியாக என் வாய்க்கு வந்தது. அது சரியா பிழையா என்று ஒத்துப்பார்க்கக் கோப்பாயில் யார் இருந்தார்கள்?

தொண்ணூறில் சண்டை மறுபடி தொடங்கியது. பாதை பூட்டு. கறன்ற் இல்லை. பற்றரியும் வராது. கடிதம் எப்போதாவது யாராவது கையில் வரும். புதுக் கசற் வரவே இல்லை. இருந்தவை பதினொன்று.

எல்லாரும் செய்ததையே நாங்களும் செய்தோம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவிலிருந்து வயர் இழுத்து, றேடியோ கசற்றுக்குக் கொடுத்து, பெடலைக் கையால் சுற்றுவது. நான் பள்ளிக்கூடம் முடிந்து வந்த பிறகு, ஒரு நாளைக்கு ஒரு பக்கம். மாமிதான் சுற்றுவா. எனக்குக் கொப்பி பிடிக்கக் கை வேண்டுமே.

ஆனால் ஒரு நிபந்தனை.

"உன்ரை ச்சியும் ட்ஸுவும் பிறகு. முதல் என்ரை பக்கத்தைப் போடு."

ஏ பக்கம் ஓடும். "அம்மா, சுகமா இருக்கிறியளோ?" ஒவ்வொரு நாளும் அதே கேள்வி. "ஓமடா, ஏதோ இருக்கிறம்" என்று ஒவ்வொரு நாளும் மாமி பதில் சொல்லுவா.

பி பக்கம் வருவதற்குள் மாமிக்குக் கை ஓய்ந்துவிடும். பெடல் மெல்லச் சுற்ற, இவர் குரல் தடிக்கத் தொடங்கும்.

"மாமி, கொஞ்சம் விசையாச் சுத்துங்கோ. க-வும் ங-வும் ஒண்டாக் கேட்குது."

"எனக்கும் வயசு போகுது பிள்ளை. உவன்ரை குரலுக்கும் போகட்டும்."

சொல்லிவிட்டு மறுபடி சுற்றுவா. குரல் இளமையாகும்.

நாடா தேய்ந்துவிடும் என்று சில்லுக்குள் பேனையை விட்டுக் கையால்தான் பின்னுக்குச் சுற்றுவேன். இரண்டு வருடம் இப்படியே போனது. பதினொரு பாடமும் எனக்குத் தலைகீழ்ப் பாடம். இவர் எந்தச் சொல்லுக்கு முன்னால் இருமுவார் என்பது வரைக்கும் தெரியும்.

தொண்ணூற்றிரண்டில் கொழும்பிலிருந்து வந்த ஒருவர் கையில் கடிதம் கொண்டுவந்தார். கொம்பனி மனைவியைக் கூப்பிடச் சம்மதித்துவிட்டது, அழைப்புக் கடிதம் கொழும்பில் இருக்கிறது, அதற்குத் தவணை உண்டு, உடனே வா என்று எழுதியிருந்தார்.

"மாமி, நீங்களும் வாங்கோ. கொழும்பிலை எங்கையாவது இருக்கலாம்" என்றேன்.

"நான் எங்கை வாறது? வீடு கிடக்கு, மாடு கிடக்கு. கசற்றுகளை வைச்சிட்டுப் போ. எனக்குக் குரல் காணும். உனக்கு ஆள் வேணும்."

வெளியேறப் பாஸ் எடுத்து, கிளாலிக் கடலைப் படகில் கடந்தேன். படகுக்குள் தண்ணீர் ஏறியது. பையை மடியில் வைத்திருந்தேன், பிறகு தலையில் வைத்தேன். ஆனாலும் அடிப்பக்கம் நனைந்துவிட்டது. கொழும்பில் வந்து பையைத் திறந்து பார்த்தால்... கலியாணப் பதிவுப் பத்திரம் நீலக் குளமாகிக் கிடந்தது. எழுத்து ஒன்றும் தெரியவில்லை. முத்திரை இருந்த இடத்தில் ஒரு வட்டக் கறை.

அதோடுதான் விசா நேர்முகத்துக்குப் போனேன்.

மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு யப்பானிய அதிகாரி. நாற்பது வயது இருக்கும். கண்ணாடி. மரியாதையான மனிதர். இங்கிலிஷில் கேட்டார். எப்போது கலியாணம், எங்கே, எத்தனை பேர் வந்தார்கள், கணவர் எங்கே வேலை. நான் என் இங்கிலிஷையெல்லாம் காட்டிப் பதில் சொன்னேன். எஃப்புக்குப் பல் உதட்டைத் தொட்டது. பீ-க்குக் காற்று வந்தது. ஒரு எழுத்துத் தவறவில்லை.

அது எனக்கே வினையாகிவிட்டது.

"நன்றாகப் பேசுகிறீர்கள். எல்லாம் மனப்பாடம் செய்து வந்தது போல இருக்கிறது" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். பத்திரத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இதில் உங்கள் பெயரும் இல்லை, கணவர் பெயரும் இல்லை. கலியாணப் படம் ஏதாவது?"

"யாழ்ப்பாணத்தில் இருக்கிறது."

"பத்திரத்துக்குப் பிரதி?"

"அதுவும் அங்கேதான் எடுக்கவேண்டும்."

"எடுத்துவர எத்தனை நாள் ஆகும்?"

என்ன சொல்வது? இரண்டு கிழமையும் ஆகலாம், இரண்டு மாதமும் ஆகலாம். மறுபடி வெளியே வரவிடாமலும் போகலாம். அழைப்புக் கடிதத்தின் தவணையோ அந்த மாதக் கடைசி.

"தெரியாது" என்றேன்.

அவர் என் விண்ணப்பக் கோவையை மூடினார். மூடிக்கொண்டே யப்பான் மொழியில் ஒரு கேள்வி கேட்டார். பெரிதாக எதிர்பார்த்துக் கேட்ட மாதிரித் தெரியவில்லை. உங்கள் கணவர் அங்கே என்ன வேலை செய்கிறார்?

நான் பதில் சொன்னேன். சிப்பித் தொழிற்சாலையில் குளிர் மெசின் திருத்துகிறார்.

அவர் முகம் சுருங்கியது. இங்கிலிஷுக்கு மாறினார்.

"திறப்புச் செய்கிற தொழிற்சாலையா?"

"இல்லை, காகி."

"அதைத்தான் கேட்கிறேன். திறப்பா?"

கோவையைத் திறந்து பார்த்தார். அதிலே சிப்பி என்று இருக்கிறது. இந்தப் பெண் திறப்பு என்கிறாள். புருசன் எங்கே வேலைசெய்கிறான் என்றுகூடத் தெரியாத பெண்சாதி! அவர் மனதில் ஓடியது எனக்கு அப்படியே தெரிந்தது. ஐந்து வருடக் கலியாணம் ஓர் எழுத்தில் முடியப்போகிறதா?

அவர் ஒரு கடதாசியில் திறப்பு ஒன்றின் படத்தைக் கீறி என் பக்கம் தள்ளினார். நான் தலையை ஆட்டினேன். அவருடைய பேனையை வாங்கி, பக்கத்தில் ஒரு சிப்பி கீறினேன். அழகாகக் கீறவில்லை. ஆனால் சிப்பி என்று தெரியும். அதைத் தொட்டு, "காகி" என்றேன். அவருடைய படத்தைத் தொட்டு, "காஙி" என்றேன். மூக்கால், நல்ல வடிவாக.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"மறுபடி சொல்லுங்கள்."

சிப்பி. திறப்பு. சொன்னேன்.

"நான் என்பதற்கு என்ன சொல்வீர்கள்?"

"வதஷி." நடுவில் இருக்கிற த-வை 'அது' என்கிறபோது வருகிற மாதிரிக் கரைத்துத்தான் சொன்னேன். அப்படித்தானே பாடம்.

"இந்த யப்பான் மொழியை உங்களுக்கு யார் சொல்லித் தந்தது?"

"கணவர்."

"எப்படி? அவர் போய் நான்கு வருடம் ஆகிறதே."

"கசற்றில். பதினொரு கசற்."

"அவை எங்கே?"

"மாமியிடம் விட்டுவிட்டு வந்தேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீங்கள் பேசுகிறது எந்தப் புத்தகத்திலும் கிடையாது. எந்த வகுப்பிலும் இதைச் சொல்லித் தரமாட்டார்கள், சொன்னால் திருத்துவார்கள். நடுவில் வருகிற க-வையும் த-வையும் இப்படிக் கரைக்கிறது எங்கள் வடக்குப் பக்கம். அதுவும் வயதானவர்கள். என் மனைவிக்கு அந்தக் கரைதான் ஊர். அவளுடைய அம்மா இப்படித்தான் பேசுவார். எனக்குக் கலியாணமாகிப் பதினொரு வருடம். இன்னும் பாதி விளங்காது."

பிறகு கோவையை முன்னால் இழுத்துவைத்து, பேனையைத் திறந்தார். "அந்த ஊரில் வாழ்கிற ஒருவரிடம், நிறைய நாள், பக்கத்தில் இருந்து கேட்ட மாதிரிக் கேட்டிருந்தால்தான் இது வரும்" என்றார். எனக்குச் சொன்னாரா, எழுதுவதற்காகத் தனக்குச் சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை. பத்திரத்தின் பிரதியைப் பிறகு, முடிந்தபோது, அனுப்பச் சொன்னார்.

இரண்டு கிழமையில் விசா வந்தது.

விமான நிலையத்தில் இவர் நின்றார். முன்தலையில் மயிர் குறைந்து, கன்னம் சதை வைத்து, தடித்த கோட்டுக்குள் யாரோ ஒருவர். நான்கு வருடமாகக் குரலோடு இருந்தவளுக்கு முகம் கொஞ்சம் புதிதாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. "களைச்சுப் போனியோ?" என்று கேட்டார். அப்பாடா என்றிருந்தது. இவர்தான்.

சிப்பிக் கொட்டிலில் இருந்த பெண்களிடம் கூட்டிக்கொண்டு போனார். நான் வாயைத் திறந்து கும்பிட்டு இரண்டு வார்த்தை சொன்னதுதான், அத்தனை பேரும் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். பிறகு ஒருத்தி எழும்பி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டா. குராவை விட நான் நன்றாகக் கதைக்கிறேனாம். குலசிங்கத்துக்கு அங்கே அதுதான் பெயர்.

பின்னாளில் நகரசபை வகுப்பில் தலைநகரத்து ஆசிரியை ஒருத்தி என் க-வைத் திருத்தினா. நானும் ரீச்சர்தானே, மதித்துக் கற்றுக்கொண்டேன். வகுப்பில் திருத்தமாகச் சொல்லுவேன். வாசலைத் தாண்டியவுடன் விட்டுவிடுவேன். அந்த ஆசிரியையின் க-வில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் எனக்கு விசா வாங்கித் தந்தது அது இல்லையே.

தொண்ணூற்றைந்து ஒக்ரோபரில் சண்டை கிட்ட வர, எங்கள் வலிகாமம் முழுவதும் எழும்பி நடந்தது. கோப்பாயும் நடந்தது. மாமி எங்கே என்று எங்களுக்கு ஏழு கிழமை தெரியாது. இவர் வேலைக்குப் போவார், வருவார், சாப்பிடமாட்டார். பிறகு செய்தி வந்தது. தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்து, வவுனியா வந்து, கொழும்பில் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்துவிட்டா. அந்த வீட்டில் போன் இருந்தது.

இவர் எண்களைச் சுழற்றினார். இரண்டு தரம் எண் பிழைத்தது. ஏழு வருடத்துக்குப் பிறகு தாயோடு கதைக்கப்போகிறார். நான் பக்கத்தில் காதை ஒட்டி வைத்துக்கொண்டு நின்றேன்.

"அம்மா..."

"ஆர்?"

"நான்தான். குலம்."

இவர் என்னத்தைக் கேட்பது? வீட்டைக் கேட்கலாமா? நடந்துவந்ததைக் கேட்கலாமா? யன்னலுக்கு வெளியே பார்த்தார். வாயில் வந்ததைச் சொன்னார்.

"இஞ்சை ஒரே மரை அம்மா."

"என்ன, மான் மரையோ? உங்கை காடோ?"

"இல்லை அம்மா. மரை. வானத்திலை இருந்து பெய்யிறது."

நானும் அப்போதுதான் கேட்டேன். மூன்று வருடம் கூடவே இருந்தவள், ஒருநாளும் கவனிக்கவில்லை. லைன் பிழையோ, பதற்றமோ, அந்த ஊர்க் காற்றோ... மனிதருக்கு ழ போய்விட்டது.

"மழை எண்டு சொல்லு" என்றா மாமி.

"மரை."

"நாக்கை மடி. மடிச்சுச் சொல்லு."

"மழை."

"இன்னொருக்கால்."

"மழை."

"இன்னொருக்கால் சொல்லு ராசா."

இவர் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு சொன்னார். சொல்லிக்கொண்டே இருந்தார். மாமி வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நடந்த தூரத்தைப் பற்றியும் சொல்லவில்லை. லைன் அறுகிறவரைக்கும் அந்த ஓர் எழுத்துத்தான்.

எத்தனையோ வகுப்பில் எத்தனையோ பேரின் பிழையைத் திருத்தியிருக்கிறேன்... அப்படி ஒரு திருத்தம் செய்ய எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.